பயத்தைக் கோத்த இழை

பெண்முயல் வெள்ளச்சி எறும்பின் வாயிலிருந்து பசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கட்டெறும்பு விடுவதாக இல்லை. கடுகளவில் உருண்டையாகத் தரையில் எது கிடந்தாலும் அதற்கு அது தானியம். முதலில் பார்த்தவருக்குத்தான் தானியம் என்பது எறும்புகளின் வழக்கம். தானியம் இல்லை, என் குட்டிக்காக வைத்திருந்த பசி என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பேச வழியில்லாமல் எறும்பு தலையை மட்டும் திருப்பிக் குட்டியைத் தேடியது. இன்னும் பிறக்கவில்லை என்றாள் வெள்ளச்சி. பிறக்காத குட்டிக்கு இப்போது என்ன பசி என்று கேட்பதற்காக எறும்பு வாயைத் திறந்தது. மணி கீழே விழுந்தது. அவள் அதை எடுத்துக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு திரும்பினாள். மீட்டுவிட்டோம் என்ற நினைப்பு எதுவும் அவளுக்கு இல்லை. நாளைக்கு எறும்புகள் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு போகும்.

அந்தக் காலத்தில் குணங்கள் அப்படித்தான் இருந்தன, தனித்தனி மணிகளாக. பசி ஒரு மணி. உறக்கம் ஒரு மணி. காது நீள்வது, ரோமம் செம்பட்டையாவது, பின்னங்கால் உந்துவது, எல்லாம் ஒவ்வொரு மணி. தாய்வழியில் வந்தவை சில, தகப்பன்வழியில் வந்தவை சில என்று ஒவ்வொரு உயிரும் தன்னுடையதை எங்காவது ஒளித்து வைத்திருக்கும். குட்டி பிறக்கும்போது வெறும் சதையாகத்தான் வரும். தாயும் தகப்பனும் மணிகளை எடுத்து அதன் நாவில் வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வைத்தது வைத்ததுதான். அதற்குப் பிறகு அந்த வாய் எதையும் ஏற்காது.

கொடுத்த மணி திரும்பி வராது. கடைசி மணியையும் கொடுத்துவிட்டவர்களுக்கு அந்தக் குணம் அத்துடன் போயிற்று. அதனால் அந்தக் காலத்துப் பெற்றோர்கள் ஆங்காங்கே ஓட்டை விழுந்தவர்களாக நடமாடினார்கள். மீன்கள் ஆயிரக்கணக்கில் பெற்றுவிட்டு, பிள்ளைகளுக்கு இமையைக்கூடக் கொடுக்க முடியாமல் விட்டுவிட்டன.

வெள்ளச்சி தன்னிடமிருந்த கடைசி உறக்கத்தை முதல் குட்டிக்குக் கொடுத்திருந்தாள். அது நன்றாகத் தூங்கி, வளர்ந்து, வேறு புதருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. படுப்பாள், கண்ணை மூடுவாள், மூடிய இமைக்குள் விழித்துக்கொண்டிருப்பாள்.

அவளுடைய துணை கருவாயன். மூக்கைச் சுற்றிக் கறுப்பாக இருக்கும் ஆண்முயல். அவனிடமிருந்த கடைசிப் பயமும் அதே குட்டிக்குத்தான் போனது. மறுநாளிலிருந்து அவன் வெட்டவெளியில் நடக்க ஆரம்பித்தான். தினமும் காலையில் மேட்டுக்குப் போய் நரிக்கு எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். நரி அவனைத் தின்னாததற்கு ஒரு காரணம் இருந்தது. ஓடாத முயலை எப்படிப் பிடிப்பது என்று அதற்குத் தெரியவில்லை. சில நாள் அது தலையைச் சாய்த்து வெகுநேரம் அவனைப் பார்க்கும். பிறகு எழுந்து எலி பிடிக்கப் போய்விடும்.

இரண்டாவது குட்டி மழைநாளில் பிறந்தது. மணிகளை வைத்திருந்த பழைய கறையான் புற்றுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாம் உருண்டு கலந்துவிட்டது. வெள்ளச்சி ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் குட்டியின் நாவில் வைத்தாள். பயம் மட்டும் கிடைக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. மத்தியானம் புற்றின் ஒரு வெடிப்பில் அது அகப்பட்டது. குட்டியின் வாயில் வைத்துப் பார்த்தாள். வெளியே உருண்டு விழுந்தது.

கால் நிலைத்த அன்றே அந்தக் குட்டி புதரைவிட்டு இறங்கி, மேட்டுக்குப் போய், நரியின் மூக்கை முகர்ந்து பார்த்தது. குட்டிகளை எப்படிப் பிடிப்பது என்று நரிக்குத் தெரியும். பக்கத்தில்தான் கருவாயன் இருந்தான். பதற அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னான். அவன் குரலில் எந்த மாற்றமும் இல்லை.

கருவாயனின் அக்கா ஒருத்தி துக்கம் கேட்க வந்திருந்தாள். நாலு போட்டால் ஒன்று நிற்கும், முயல் பிறப்பே அப்படித்தான், இவள் ஒருத்திதான் ஊரில் குட்டி பெற்றவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, இருந்த அறுகம்புல்லைத் தின்றுவிட்டுப் போனாள்.

இப்போது மூன்றாவது வயிற்றில் இருந்தது. எஞ்சியிருந்த பயம் ஒன்றே ஒன்று, வெடிப்பில் கிடைத்த அதே மணி. அதை எறும்பு தொட்டுவிட்டால் இந்தக் குட்டியும் மேட்டுக்குத்தான் போகும்.

எறும்பிடமிருந்து பசியை மீட்ட அன்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். புற்றிலிருந்த மணிகளையெல்லாம் வழித்து ஒரு பூவரச இலையில் கொட்டினாள். கருவாயனுடைய மணிகள் ஒரு வேர்ப்பொந்தில் இருந்தன. அது எந்தப் பொந்து என்று அவனுக்கே மறந்திருந்தது. அவற்றையும் எடுத்து இன்னோர் இலையில் கொட்டினாள். பிறகு இரண்டு உடைமரங்களுக்கு நடுவே வலை கட்டியிருந்த சிலந்தியிடம் போனாள். சிலந்தி, கிழிந்த வலையின் ஓரத்தில் உட்கார்ந்து மிச்சத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கொஞ்சம் இழை வேணும்."

"உன் வீட்டுக்காரன் தினம் தலையில கொண்டுவர்றானே, அதுல எடுத்துக்கோ."

மேட்டுக்குப் போகும் வழி அந்த இரண்டு மரங்களுக்கு நடுவில்தான் இருந்தது. கருவாயன் ஒவ்வொரு காலையும் நேராக நடந்து வலையைக் கிழித்துக்கொண்டு போவான். சுற்றிப் போவதற்கு முட்செடிக்குள் நுழைய வேண்டும். எதற்கும் பயமில்லாதவன் எதற்காகச் சுற்றிப் போக வேண்டும். சிலந்தி அவனிடம் கெஞ்சியும் பார்த்திருக்கிறது, திட்டியும் பார்த்திருக்கிறது. அப்படியா என்று கேட்டுக்கொண்டு மறுநாளும் அதே வழியில் வருவான்.

சொல்கிறேன் என்றாள் வெள்ளச்சி. சொல்லுவே, அவன் கேட்கணுமே என்றது சிலந்தி. பிறகு இழை எதற்கு என்று விசாரித்தது. மணிகளைக் கோத்துவிட்டால் உருளாது, ஒன்றைத் தேடினால் எல்லாம் கிடைக்கும், எறும்பாலும் தூக்க முடியாது என்று அவள் சொன்னாள். இதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. சிலந்தி சுருட்டுவதை நிறுத்தியது. அதற்கும் அலுப்பாகத்தான் இருந்தது. விடிந்தால் கட்டுவது, வெயில் வந்தால் சுருட்டுவது.

எல்லாவற்றையும் ஒரே இழையில் கோத்தால் கனம் தாங்காமல் அறுந்துவிடும், குட்டை குட்டையாகப் பல இழை தருகிறேன் என்றது அது. இரண்டிரண்டாகத் தருகிறேன், தாய்வழி மணிகளை ஒன்றில் கோர், அதே வரிசையில் தகப்பன்வழி மணிகளை அதன் ஜோடியில் கோர், அப்போதுதான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். கொடுக்கும்போது ஜோடிக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்தால் போதும். அவனும் அப்படியே கொடுக்கட்டும். குட்டிக்கும் ஜோடி சேர்ந்துவிடும்.

கடைசியாக, "ஒண்ணு கேட்டுக்கோ. என் இழை மேல பனி இறங்கிட்டா அப்புறம் மணி வேற இழை வேறன்னு கிடையாது. மணிதான் இழை, இழைதான் மணி. பிரிச்சுக் கொடுன்னு என்கிட்ட வராதே" என்றது.

வெள்ளச்சி மத்தியானத்திலிருந்து கோத்தாள். முன்னங்காலால் மணியை எடுத்து, முகர்ந்து இன்னதென்று தெரிந்துகொண்டு, பல்லால் இழையில் ஏற்றினாள். இடுப்பில் வலி விட்டுவிட்டு வந்தது. வலி வரும்போது நிறுத்தினாள், போனதும் தொடர்ந்தாள். நீண்ட காதுக்கு அடுத்து பயத்தை ஏற்றினாள். பயத்துக்கு அடுத்து கண். அதன் ஜோடி இழையில் பயத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது; அவளுடைய தகப்பன்வழிப் பயம் என்றோ போய்விட்டது. இடம் விட்டுவிட்டு அங்கேயும் கண்ணைக் கோத்தாள். பொழுது சாயும்போது வாய் தானாக வேலை செய்துகொண்டிருந்தது. எத்தனையோ நாள் தூங்காத உடம்பு. இமை மூடிய பிறகும் கோத்துக்கொண்டிருந்தாள்.

கருவாயனுடைய இழைகளையும் அவளே கோத்தாள். அவற்றில் பயம் இல்லை. உறக்கம் இருந்தது.

விடியற்காலையில் பனி இறங்கியது. ஆவாரஞ்செடியில் தொங்கவிட்டிருந்த இழைகளின் மேல், மணிக்கு ஒரு துளியாகப் பனித்துளிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு துளியும் தனக்குப் பின்னால் இருந்த மணியைப் பார்த்து அதன் நிறத்தை வாங்கிக்கொண்டது. பிறகு இறுகியது. வெளிச்சம் வந்தபோது ஒவ்வோர் இழைக்கும் பக்கத்தில் அதே போல இன்னோர் இழை இருந்தது. அதே வரிசை, அதே இடைவெளி.

வெள்ளச்சிக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கொடுத்தாலும் இனிமேல் குறையாது. ஒன்றைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தானே வைத்துக்கொள்ளலாம். இது முதல் குட்டிக்கு முன்னால் தெரிந்திருந்தால் இன்றும் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் அங்கேயே உட்கார்ந்தாள்.

அப்போதுதான் வெயிலின் முதல் கீற்று இழையில் பட்டது. பயத்துக்கு அடுத்திருந்த கண் வெளுத்திருந்தது.

அது அவளுடைய அம்மாவின் கண். நடுவயதில் பால் படிந்ததுபோல வெளுத்து, பார்வை மங்கி, கடைசியில் அம்மா ஒரு முள்வேலியில் மாட்டிக்கொண்டு அங்கேயே செத்துப்போனாள். தன் குட்டிகள் எதற்கும் அந்தக் கண்ணைக் கொடுப்பதில்லை என்று வெள்ளச்சி அதைத் தனியே ஒரு கல்லுக்கு அடியில் வைத்திருந்தாள். அம்மாவுடையது என்பதால் எறியவும் மனம் வரவில்லை. புற்றை வழித்தபோது கல்லையும் புரட்டி அதையும் சேர்த்து வழித்திருக்கிறாள். முகர்ந்தால் இரண்டு கண்ணுக்கும் ஒரே வாசனைதான். வெளிச்சத்தில்தான் வித்தியாசம் தெரியும்.

மணியைப் பல்லால் பற்றி இழுத்தாள். இழை நீண்டது, மணி நகரவில்லை. மறுபடி இழுத்தாள். பயமும் சேர்ந்து அசைந்தது.

சிலந்தி இறங்கி வந்து பார்த்தது. முன்பே சொன்னேன் என்று அது சொல்லவில்லை. அறுத்தால் எல்லாம் சிதறும், காதும் போகும், பயமும் போகும் என்று மட்டும் சொன்னது. இந்த இழையைக் கொடு, இல்லையென்றால் ஜோடியைக் கொடு. ஜோடியில் கண் தெளிவாக இருந்தது. பயம் இல்லை.

"இந்தக் கண்ணு வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டது சிலந்தி.

"நடுவயசுல மறைக்கும்."

"உனக்கு?"

"எனக்கும் மறைக்கும். இன்னும் வரலை" என்றாள் வெள்ளச்சி.

கருவாயன் மேட்டிலிருந்து திரும்பி வந்தான். தலையில் வலையின் துண்டு ஒட்டியிருந்தது. சிலந்தி அதைப் பார்த்தது. வெள்ளச்சி இரண்டு இழைகளையும் அவனுக்குக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டான். எதையும் நிதானமாகத்தான் கேட்பான்.

"நல்ல கண்ணைக் கொடு. பயம் எதுக்கு? நான் பக்கத்துல இருக்கேன்ல" என்றான்.

அவள் இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"போன குட்டிக்கும் நீ பக்கத்துலதான் இருந்தே."

அவன் தலையைத் தாழ்த்திப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ ஒரு கௌதாரி கத்தியது. வெள்ளச்சிக்கு அடுத்த வலி வந்தது. இந்தமுறை அது விட்டுப் போகவில்லை.

வலியின் நடுவில் அவள் சிலந்தியிடம் பயமும் இந்தக் கண்ணும் என்றைக்குமே பிரியாதா என்று கேட்டாள். சிலந்தி யோசித்தது. அதற்கு இழையைப் பற்றி மட்டும்தான் தெரியும். தெரிந்ததைச் சொன்னது.

"ஜோடி இழை பக்கத்துல பக்கத்துல கிடக்கும்போது சில சமயம் முறுக்கிக்கும். முறுக்கு விடும்போது இதோட வால் அதுக்கும் அதோட வால் இதுக்குமா மாறிப்போகும். அப்படி மாறினா பயம் ஒரு குட்டிக்கும் இந்தக் கண்ணு வேற குட்டிக்கும் போகலாம்."

"எப்போ?"

"பக்கத்துப் பக்கத்து மணி. லேசுல ஆகாது. நீ பாக்கமாட்டே."

"வயித்துல இருக்கிறது?"

"இதுவும் பாக்கறது சந்தேகம்தான்."

குட்டி பிறந்தது. ஈரமாக, கண் காது எதுவும் தெளியாத சதையாக. வெயில் ஆவாரஞ்செடியின் உச்சியில் இருந்தது. கருவாயன் தன் இழைகளில் ஜோடிக்கு ஒன்றாக எடுத்து வைத்தான். வெள்ளச்சி தன்னுடையவற்றை ஒவ்வொன்றாக வைத்தாள். அந்த ஜோடிக்கு வந்தபோது இரண்டையும் முன்னால் போட்டுக்கொண்டாள். ஒன்றில் தெளிந்த கண், இன்னொன்றில் பயமும் வெளுத்த கண்ணும். வெயில் ஏற ஏற வெளிச்சம் ஒரு கிளை கீழே இறங்கியது. அவள் பயம் இருந்த இழையை எடுத்துக் குட்டியின் நாவில் வைத்தாள். குட்டி அதை உள்ளே இழுத்துக்கொண்டது.

காது நீண்டது. ரோமம் காய்ந்து செம்பட்டையானது. கண் திறந்தது. தெளிவாகத்தான் இருந்தது. மேலேயிருந்து ஒரு சருகு விழுந்து பக்கத்தில் படிந்தது. குட்டி உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு காதை முதுகில் மடித்து நடுங்கியது. வெள்ளச்சி அந்த நடுக்கம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றதும் குட்டி தூங்கிப்போனது. உறக்கம் அதன் அப்பாவிடமிருந்து வந்தது.

செய்தி பரவிவிட்டது. ஒவ்வோர் உயிராகச் சிலந்தியைத் தேடி வந்து இழை கேட்டன. பொறுமைசாலிகள் நிறைய இழைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கோத்தார்கள். அவசரக்காரர்கள் சில இழைகளிலேயே திணித்து முடித்தார்கள். எதற்குப் பக்கத்தில் எது என்று பார்த்துக் கோக்க யாருக்கும் தெம்பு இல்லை. கைக்கு வந்த வரிசையில் கோத்தார்கள். வேண்டாததும் வேண்டியதும் அடுத்தடுத்து உட்கார்ந்துகொண்டன. பனி இறங்கியது.

இழைக்குக் குரோமோசோம் என்றும் அதில் இறுகிப்போன மணிக்கு மரபணு என்றும் பெயர் வந்ததெல்லாம் வெகுகாலத்துக்குப் பிறகு. ஆனால் அன்று முதல்தான் எந்தப் பிள்ளைக்கும் குணங்கள் உதிரியாக வருவதில்லை. கோத்த வரிசையில், இழை இழையாக, தாயிடமிருந்து பாதியும் தகப்பனிடமிருந்து பாதியுமாக வருகின்றன. கொடுத்தவர்களுக்குக் குறைவதும் இல்லை. ஒன்றை வேண்டும் என்று எடுத்தால் பக்கத்தில் இருப்பதும் கூடவே வருகிறது. எப்போதாவது இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்டு பிரியும்போது மட்டும், அடுத்தடுத்து இருந்தவை விலகி, யாரும் எதிர்பார்க்காத ஒரு குட்டி பிறக்கிறது.

மறுநாள் காலையில் குட்டி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. வெள்ளச்சி அதன் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கருவாயன் எழுந்து, உடம்பை உதறி, வழக்கமான வழியில் நடந்தான். இரண்டு உடைமரங்களுக்கு நடுவே புதிய வலை இருந்தது. குட்டியின் நாவில் வைத்த இழைகளைப் போலவே அதில் பனித்துளிகள் வரிசையாக நின்றன. அவன் கொஞ்சம் நின்றான். பிறகு பக்கத்து முட்செடிக்குள் புகுந்து, சுற்றிக்கொண்டு போனான்.